கோல் அடிப்பவரும் கோல் அடிக்க வைப்பவர்களும்
வலைப்பந்தாட்ட அணியில் வீராங்கனைகளின் பங்கை மதிப்பிடுதலும் பயிற்றுநரின் பணியும்



சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் வலைப்பந்தாட்டம் பற்றிய வினா வந்தால் உங்களிற் பலர் ஆடுகளத்தின் அளவுகளையும் வீராங்கனைகளின் எண்ணிக்கையையும் மனனம் செய்து எழுதிவிடுகிறீர்கள். அதற்குரிய புள்ளிகளும் கிடைத்துவிடுகின்றன. ஆனால் "ஓர் அணியின் வெற்றிக்கு ஒவ்வொரு வீராங்கனையும் எவ்வாறு பங்களிப்புச் செய்கின்றார் என விளக்குக" எனக் கேட்டால் விடை இரண்டு வரியுடன் நின்றுவிடுகிறது. சென்ற முறை பாப்பாமோட்டையில் எமது வகுப்பில் நடத்திய மாதிரிப் பரீட்சையில் பெரும்பாலானோர் எழுதிய விடை, "அதிக கோல் அடிப்பவரே சிறந்த வீராங்கனை ஆவார்" என்பதாகும். இவ்விடை முழுப் பிழையும் அன்று, முழுச் சரியும் அன்று. ஏன் என்பதை இப்பகுதியிற் பார்ப்போம்.

1. ஒரு புதிரோடு தொடங்குவோம்

2019ஆம் ஆண்டு ஜூலை மாதம் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வலைப்பந்தாட்ட உலகக் கிண்ணப் போட்டி நடைபெற்றது. 16 நாடுகள் பங்குபற்றின. அந்தத் தொடர் முழுவதிலும் மிகக் கூடுதலான கோல்களை அடித்தவர் யார் தெரியுமா? அவுஸ்திரேலியரும் அல்லர், நியூசிலாந்து நாட்டவரும் அல்லர். யாழ்ப்பாண மாவட்டத்தின் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் ஆவார். அவர் அடித்த கோல்கள் 300 இற்கும் அதிகமாகும். அவரது உயரம் 2.08 மீற்றர். அவர் நின்ற இடம் கோல் எய்பவர், அதாவது நீங்கள் மைதானத்தில் "ஜீ.எஸ்." என்று அழைக்கும் இடம்.

அப்படியானால் இலங்கை அணி எத்தனையாவது இடத்தைப் பெற்றிருக்க வேண்டும்? முதலாம் இடமா, இரண்டாம் இடமா? இலங்கை பெற்றது 15ஆம் இடம். கடைசிப் போட்டியில் சிங்கப்பூரை வென்றதனாலேயே அந்த இடமும் கிடைத்தது. கிண்ணத்தை வென்ற அணி நியூசிலாந்து ஆகும்.

உலகிலேயே அதிக கோல் அடித்தவர் நம்மிடம் இருந்தார். ஆயினும் அணி 15ஆம் இடம். இந்தப் புதிரை விடுவிக்கத் தெரிந்தவருக்கு மேற்படி வினாவுக்கு விடை எழுதுவது கடினமாக இராது.

2. விளையாட்டின் பிறப்பும் பங்குகளின் பிறப்பும்

1891ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். அவ்விளையாட்டு இங்கிலாந்துக்குச் சென்று பெண்கள் கல்வி நிலையங்களில் மாற்றங்களுக்கு உட்பட்டு வலைப்பந்தாட்டமாக வளர்ந்தது. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நீண்ட காலம் இதனைப் "பெண்கள் கூடைப்பந்தாட்டம்" என்றே அழைத்து வந்தனர். நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த விதிகளை ஒன்றாக்குவதற்காகப் பல நாடுகளின் பிரதிநிதிகள் 1960ஆம் ஆண்டில் கூடிய இடம் எமது நாடாகிய இலங்கை என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

இரு விளையாட்டுகளிலும் வளையம் நிலத்திலிருந்து 3.05 மீற்றர் உயரத்திலேயே உள்ளது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கூடைப்பந்தாட்டத்தில் ஓர் அணியின் 5 பேரும் ஆடுகளத்தில் எங்கும் செல்லலாம், எவரும் பந்தைக் கூடையில் இடலாம். யார் எந்த வேலையைச் செய்வது என்பதைப் பயிற்றுநரே தீர்மானிக்கிறார். வலைப்பந்தாட்டத்திலோ 7 பேருக்கும் உரிய இடங்களையும் வேலைகளையும் விதியே வகுத்துக் கொடுத்துள்ளது. மார்பிலும் முதுகிலும் அணியும் எழுத்துக்கள் அதற்காகவே.

3. எழுவரும் அவர்தம் பணிகளும்

ஆடுகளம் 30.5 மீற்றர் நீளமும் 15.25 மீற்றர் அகலமும் கொண்டது. அது 3 சம பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இரு முனைகளிலும் 4.9 மீற்றர் ஆரையுடைய அரைவட்டம் உண்டு. இதனைக் கோல் வட்டம் என்போம்.

அ) கோல் எய்பவர் (ஜீ.எஸ்.): எதிரணியின் முனைப் பகுதியிலும் அங்குள்ள கோல் வட்டத்திலும் மட்டும் ஆடலாம். கோல் அடிப்பதே பிரதான பணி.

ஆ) கோல் தாக்குபவர் (ஜீ.ஏ.): முனைப் பகுதி, நடுப்பகுதி, கோல் வட்டம் ஆகியவற்றில் ஆடலாம். கோல் அடிக்கவும் வேண்டும், பந்தைக் கொண்டு வந்து கொடுக்கவும் வேண்டும்.

இ) பக்கத் தாக்குபவர் (டபிள்யூ.ஏ.): நடுப்பகுதியிலும் தாக்கும் முனைப் பகுதியிலும் ஆடலாம். வட்டத்தினுள் செல்ல முடியாது. வட்டத்தின் விளிம்பில் நின்று உள்ளே பந்தை ஊட்டுபவர் இவரே.

ஈ) மத்திய வீராங்கனை (சீ.): இரு கோல் வட்டங்கள் தவிர ஆடுகளம் முழுவதும் ஆடலாம். கோலின் பின்னர் ஆட்டத்தைத் தொடக்குபவர். அணியில் அதிகம் ஓடுபவரும் பொதுவாக இவரே.

உ) பக்கத் தடுப்பவர் (டபிள்யூ.டி.): நடுப்பகுதியிலும் தமது காக்கும் பகுதியிலும் ஆடலாம். எதிரணியின் பக்கத் தாக்குபவரை மறித்து நிற்பவர்.

ஊ) கோல் தடுப்பவர் (ஜீ.டி.): நடுப்பகுதி, காக்கும் பகுதி, தமது கோல் வட்டம் ஆகியவற்றில் ஆடலாம்.

எ) கோல் காப்பவர் (ஜீ.கே.): காக்கும் பகுதியிலும் தமது கோல் வட்டத்திலும் ஆடலாம்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். 7 பேரில் கோல் அடிக்க அனுமதி பெற்றவர் 2 பேர் மட்டுமே. மற்ற 5 பேரும் தம் வாழ்நாள் முழுவதும் விளையாடினாலும் அந்த இடங்களில் நின்று ஒரு கோல்கூட அடிக்க முடியாது. அவ்வாறாயின் "அதிக கோல் அடித்தவரே சிறந்தவர்" என்று எழுதும்போது அந்த 5 பேரையும் பரீட்சை எழுத விடாமலே சித்தியடையாதோர் பட்டியலிற் சேர்த்துவிடுகிறோம் அல்லவா?

4. புதிரை விடுவிக்கும் விதி

இதுவே இப்பகுதியின் மிக முக்கிய இடம். பொறுமையாக வாசியுங்கள்.

வலைப்பந்தாட்டத்தில் ஆட்டத்தை நடுவட்டத்திலிருந்து தொடக்கும் உரிமை இரு அணிகளுக்கும் மாறி மாறி வழங்கப்படுகிறது. யார் கோல் அடித்தார், யார் வாங்கினார் என்பது பார்க்கப்படுவதில்லை. ஆகவே இரு அணிகளுக்கும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையான தொடக்கங்கள் கிடைக்கும். தமது தொடக்கங்கள் எல்லாவற்றையும் இரு அணிகளும் கோலாக மாற்றினால் ஆட்டம் சமநிலையிலேயே செல்லும். எனவே வெற்றியைத் தீர்மானிப்பவை இரண்டு:

(1) நமது தொடக்கத்தில் வந்த பந்தை இழக்காமல் வட்டம்வரை கொண்டு சேர்த்தல்.
(2) எதிரணியின் தொடக்கத்தில் வந்த பந்தை நாம் பறித்தல்.

இதனை ஒரு கணக்கின் மூலம் விளங்கிக்கொள்வோம். இது விளக்கத்திற்காக நாம் அமைத்துக்கொண்ட கற்பனைக் கணக்கு ஆகும்.

உதாரணம்: "க" அணிக்கும் "ங" அணிக்கும் தலா 30 தொடக்கங்கள் கிடைக்கின்றன. ஒவ்வொரு தொடக்கமும் யாராவது ஒருவரின் கோலில் முடிவதாகக் கொள்வோம்.

க அணி தன் 30 இல் 20 ஐக் கோலாக்குகிறது. மீதி 10 இல் நடுப்பகுதியிலேயே பந்தை இழக்க, அவை ங அணியின் கோல்களாகின்றன.
ங அணி தன் 30 இல் 26 ஐக் கோலாக்குகிறது. மீதி 4 இல் க அணி பந்தைப் பறித்துக் கோலாக்குகிறது.

க அணியின் கோல்கள்: 20 + 4 = 24
ங அணியின் கோல்கள்: 26 + 10 = 36

க அணியின் கோல் எய்பவர் 26 தடவை எய்து 24 கோல் அடித்தார் என்க. அவரது வெற்றி வீதம் ஏறத்தாழ 92. ங அணியினர் 48 தடவை எய்து 36 கோல் அடித்தனர். அவர்களின் வெற்றி வீதம் 75 மட்டுமே. எய்வதிற் சிறந்தவர் க அணியில் இருக்கிறார். ஆனால் தோற்றதும் க அணியே.

இனி, க அணி எய்பவரை மாற்றாமல் மற்றவர்களின் ஆட்டத்தை மட்டும் திருத்துகிறது. நடுவில் இழக்கும் பந்துகள் 10 இலிருந்து 5 ஆகக் குறைகின்றன. பறிக்கும் பந்துகள் 4 இலிருந்து 7 ஆகக் கூடுகின்றன.

க அணியின் கோல்கள்: 25 + 7 = 32
ங அணியின் கோல்கள்: 23 + 5 = 28

க அணி 4 கோல்களால் வெற்றி பெறுகிறது. 24 ஆக இருந்தது 32 ஆயிற்று. கூடிய 8 கோல்களும் கோல் எய்பவரின் பெயரிலேயே பதிவாகும். ஆனால் அவற்றை உண்டாக்கியவர்கள் வட்டத்துக்கு வெளியே நின்றவர்களும் மறுமுனையில் நின்றவர்களும் ஆவர்.

லிவர்பூல் புதிரின் உட்கருத்தும் இதுவே. கம்பத்தின் கீழ் 2.08 மீற்றர் உயரமானவர் நின்றால், பந்து அவர் கைக்கு வந்துசேரும் வரைதான் எதிரணிக்கு வாய்ப்பு. எனவே பலமான அணிகள் அவரோடு மட்டும் மல்லுக்கட்டி நிற்பதில்லை. அவருக்குப் பந்தை ஊட்டுபவரைக் குறிவைக்கும். மறுமுனையில் தாம் அடிக்கும் கோல்களையும் பெருக்கிக்கொள்ளும்.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 2018ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடைபெற்ற ஆசிய வலைப்பந்தாட்டப் போட்டியின் இறுதியாட்டத்தில் இலங்கை, சிங்கப்பூரை 69 இற்கு 50 என்ற கோல் கணக்கில் வென்றது. 2009 இன் பின்னர் 9 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த ஆசியக் கிண்ணம் அது. அவ்வணியிலும் தர்ஜினி இருந்தார், பயிற்றுநர் திலகா ஜினதாச. ஓராண்டு கழித்து லிவர்பூல் சென்றபோதும் இருவரும் இருந்தனர். ஆசியாவில் நடுக்களமும் தடுப்பும் ஈடுகொடுத்தன, உலக அரங்கிலோ அவை போதவில்லை என்று கொள்வதே பொருத்தமாகும். 2022 இல் இலங்கை மீண்டும் சிங்கப்பூரை 63 இற்கு 53 என வென்றது. 2024 இல் பெங்களூரில் சிங்கப்பூர் 67 இற்கு 64 என இலங்கையை வென்று கிண்ணத்தைக் கொண்டு சென்றது. வித்தியாசம் 3 கோல். 60 நிமிட ஆட்டத்தில் கவனக்குறைவால் தவறும் 3 பந்துகளே ஒரு கிண்ணத்தின் பெறுமதி என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

5. மதிப்பிடுவது எப்படி?

கோல் பதிவுத் தாளில் எய்பவர்களின் வேலை மட்டுமே தெரியும். மற்ற ஐவரை மதிப்பிட அவதானிப்புத் தாள் ஒன்று தேவை. ஒரு பயிற்சிக் கொப்பித் தாளும் பென்சிலும் போதும். வீராங்கனையின் இடத்தை இடப்பக்கத்தில் எழுதி, கீழ்வருவனவற்றிற்குக் கோடு போட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

கூட்டற் புள்ளிக்குரியவை:
• வட்டத்தினுள் சரியாக ஊட்டிய பந்துகள்
• இடைமறித்துப் பறித்த பந்துகள்
• கையால் தட்டித் திசைமாற்றிய பந்துகள்
• வளையத்திற் பட்டு மீளும் பந்தைக் கைப்பற்றல்

கழித்தற் புள்ளிக்குரியவை:
• தவறிய எறிகைகளும் பிடிகளும்
• பந்தை 3 செக்கனுக்கு மேல் வைத்திருத்தல்
• பந்துடன் அடி எடுத்து வைத்தல்
• எதிராளியின் உடலில் முட்டுதல்
• உரிய இடைவெளி விடாது மறித்தல்
• தமக்கு அனுமதியில்லாத பகுதிக்குட் புகுதல்

இத்தாளை ஒவ்வொரு கால்பகுதிக்கும் (15 நிமிடம்) தனித்தனியே நிரப்பினால் இன்னொரு பயனும் உண்டு. ஒருவர் ஆடிய கால்பகுதியில் அணி அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்துப் பாருங்கள். அவர் வெளியே இருந்த கால்பகுதியிலும் அவ்வாறே பாருங்கள். கூடைப்பந்தாட்டத்தில் இம்முறை பெரிதும் கையாளப்படுகிறது. ஒருவர் எதுவும் செய்யாதவர் போலத் தோன்றினும், அவர் நிற்கும்போது அணி முன்னேறுவதையும் அவர் வெளியேறினால் பின்னடைவதையும் இக்கணக்குக் காட்டிக்கொடுக்கும். ஆனால் எச்சரிக்கை: ஓர் ஆட்டத்தை வைத்து முடிவு செய்யலாகாது. எதிரணியின் பலம், உடன் நின்ற ஏனையோர் ஆகியவற்றைப் பொறுத்தும் இவ்வெண்ணிக்கை மாறும். பல ஆட்டங்களின் தாள்களை ஒன்றாக வைத்தே பார்க்க வேண்டும்.

நமது கடற்கரையோர மைதானங்களுக்கு இன்னொரு குறிப்பும் உண்டு. சோளகம் வீசும் மாதங்களில் திறந்த வெளியில் உயர எறியும் பந்து எங்கு போய் விழும் என்று சொல்ல முடியாது. அப்போது காற்றுக்கு எதிர்ப்பக்கமாக ஆடும் கால்பகுதியையும் காற்றோடு ஆடும் கால்பகுதியையும் ஒன்றாக வைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. தாளின் மூலையில் "காற்று எதிர்" என்று ஒரு சொல் எழுதிவைத்தால் போதும்.

6. பங்கு வீரர் என்பவர் யார்?

அணியின் முழுச் சுமையையும் தாங்காமல், ஒரு குறித்த வேலையைப் பிழையின்றிச் செய்து கொடுப்பவரைப் பங்கு வீரர் எனலாம். கூடைப்பந்தாட்டத்தில் இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் அமெரிக்காவின் டெனிஸ் ரொட்மன் ஆவார். அவர் பெரிய கோல் வீரர் அல்லர். ஆனால் வளையத்திற் பட்டு மீளும் பந்தைக் கைப்பற்றுவதில் 1992 முதல் 1998 வரை தொடர்ந்து 7 பருவங்கள் என்.பீ.ஏ. போட்டிகளில் முதலிடம் வகித்தார். சிக்காகோ அணி 1996, 1997, 1998 ஆகிய ஆண்டுகளில் கிண்ணம் வென்றபோது மைக்கல் ஜோர்தானின் பெயர் எங்கும் ஒலித்தது. தவறிய பந்துகளை மீட்டு மீண்டும் கையில் கொடுத்தவர்களுள் ரொட்மன் முதன்மையானவர்.

எமது கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மடி கரைக்கு வரும்போது அங்கு நிற்பவர்தான் மீனை அள்ளுகிறார். ஆனால் இரண்டு பக்கக் கயிற்றையும் ஒரே அளவாக இழுத்தவர்கள் இல்லாவிட்டால் மடி கோணிப் போய்விடும், மீனும் இராது. எந்தச் சம்மாட்டியும் மீனை அள்ளியவருக்கு மட்டும் பங்கு கொடுத்து, கயிறு இழுத்தவர்களை வெறுங்கையோடு அனுப்புவதில்லை.

7. பயிற்றுநரின் பணி

பயிற்றுநர் என்றதும் மைதான ஓரத்தில் நின்று உரத்துச் சத்தமிடுபவர் என்றே சிலர் எண்ணுகின்றனர். இதுபற்றிய ஆய்வு ஒன்றை அறிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்தாட்ட அணிக்குப் பயிற்றுநராக இருந்தவர் ஜோன் வூடன். 1964 முதல் 1975 வரையான 12 ஆண்டுகளில் 10 தடவைகள் அவரது அணி தேசியப் பல்கலைக்கழகக் கிண்ணத்தை வென்றது. அவரது இறுதிப் பருவமாகிய 1974/75 இல் தார்ப், கலிமோர் என்னும் உளவியலாளர் இருவர் அவரது பயிற்சிகளைக் கூர்ந்து அவதானித்து, அவர் சொன்ன, செய்த 2,326 கற்பித்தற் செயல்களைப் பதிவு செய்தனர்.

முடிவு என்ன? புகழ்ச்சி ஏறத்தாழ 7 சதவீதம். கண்டிப்பும் ஏறத்தாழ 7 சதவீதம். ஆனால் அவர் கூறியவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, "எதைச் செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும்" என்ற தகவலைக் கொண்டவையாக இருந்தன. அதாவது, சிறந்த பயிற்றுநர் ஒரு நல்ல ஆசிரியரே. "சரியில்லை" என்று மட்டும் சொன்னால் வீராங்கனைக்குத் தெரியக்கூடியது தான் சரியில்லை என்பது ஒன்றே. "பந்தைப் பிடிக்கும் முன்னரே வட்டத்தைப் பார்" என்றால் அடுத்த தடவை என்ன செய்வது என்பது தெரியும்.

இவற்றைக் கொண்டு பயிற்றுநரின் பணிகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

(i) ஒவ்வொருவரின் உடற்றகைமை, திறன், மனப்பாங்கு என்பவற்றை அறிந்து பொருத்தமான இடத்தில் நிறுத்துதல். உயரமானவர் எல்லோரும் கோல் எய்பவர் ஆக வேண்டும் என்பதில்லை. உயரமும் நிதானமும் உள்ளவரைக் கோல் காப்பவராகவும் ஆக்கலாம்.

(ii) அவரவர் வேலையை அவரவருக்குத் தெளிவாகச் சொல்லுதல். "நன்றாக விளையாடு" என்பது வேலை அன்று. "எதிரணியின் பக்கத் தாக்குபவர் வட்டத்தின் விளிம்பை அடையாமல் வெளிப்பக்கம் தள்ளிக் கொண்டுபோ" என்பது வேலை.

(iii) தனித்திறனோடு கூட்டுத்திறனையும் பயிற்றுவித்தல். கோல் எய்பவர் தனியே 100 தடவை எய்து பழகலாம். ஆனால் ஊட்டுபவரும் எய்பவரும் சேர்ந்து பழகாவிட்டால் ஆட்டத்தில் அந்தப் பழக்கம் முழுமையாக உதவாது.

(iv) மாற்று வீராங்கனைகளையும் ஆயத்தமாக வைத்திருத்தல். ஒருவரை மட்டும் நம்பியிருக்கும் அணி, அவருக்குக் காயம் ஏற்பட்ட அன்று என்ன செய்யும்?

(v) அவதானிப்புத் தாளை வைத்து ஆட்டத்தின் பின் கலந்துரையாடுதல். பிழையை எல்லோர் முன்னிலையிலும் சொல்லி ஒருவரைக் குறுகச் செய்யாமல், திருத்தும் வழியைச் சொல்லுதல்.

(vi) கோல் அடிக்காதவர்களின் உழைப்பையும் பெயர் சொல்லிப் பாராட்டுதல்.

கடைசிப் பணியைச் சிறியது என எண்ண வேண்டாம். என்னிடம் படித்த ஒரு மாணவி பாடசாலை அணியில் பக்கத் தடுப்பவராக விளையாடி வந்தார். இரண்டு ஆண்டுகள் விளையாடியும் காலைக் கூட்டத்தில் ஒருநாளும் தன் பெயர் வாசிக்கப்படவில்லை என்றும், வீட்டிலும் "நீ எத்தனை கோல் போட்டனி?" என்றே கேட்கிறார்கள் என்றும் சொல்லி விளையாட்டை நிறுத்தப் போவதாகக் கூறினார். எனது படிப்போ கலைத்துறை சார்ந்தது. எறிவதையும் தடுப்பதையும் எனக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியாது. எண்ணத் தெரியும். அடுத்த ஆட்டத்துக்குக் கொப்பியுடன் சென்று எண்ணினேன். அன்று அவர் பறித்த பந்துகள் 6. அணி வென்றது 5 கோல்களால். தாளை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாயாருக்குக் காட்டியிருக்கிறார். விளையாட்டை நிறுத்தவில்லை.

8. பரீட்சை நோக்கில்

மாதிரி வினா: பாடசாலை வலைப்பந்தாட்ட அணி ஒன்றின் கோல் எய்பவர் சிறப்பாக எய்தும் அணி தொடர்ந்து தோல்வியடைகிறது.
(அ) இதற்கான காரணங்கள் இரண்டு தருக.
(ஆ) பயிற்றுநர் என்ற வகையில் நீர் மேற்கொள்ளும் நடவடிக்கைகள் மூன்றினை விளக்குக.

மாதிரி விடை:
(அ) 1. நடுப்பகுதியில் பந்து பரிமாற்றத்தின்போது தவறுகள் கூடுதலாக ஏற்பட்டு, பந்து கோல் வட்டத்தை அடையாமை.
2. தடுக்கும் வீராங்கனைகள் எதிரணியின் பந்தைப் போதியளவு இடைமறிக்காமையால் எதிரணி தன் தொடக்கங்களைக் கோலாக மாற்றிக்கொள்ளல்.

(ஆ) 1. அவதானிப்புத் தாளின் மூலம் எப்பகுதியில், யாரிடம், எவ்வகைத் தவறு நிகழ்கிறது என இனங்காணல். காரணம் தெரியாமல் வீராங்கனைகளை மாற்றுவது பயன் தராது.
2. மத்திய வீராங்கனை, பக்கத் தாக்குபவர், கோல் தாக்குபவர், கோல் எய்பவர் ஆகிய நால்வரையும் சேர்த்து, தடுப்பவர்கள் மறித்து நிற்கும் நிலையில் வட்டத்தினுள் பந்து ஊட்டும் பயிற்சியை வழங்கல்.
3. தடுப்பு வீராங்கனைகளுக்கு உரிய இடைவெளி பேணி மறித்தல், எறிகையின் திசையை முன்கூட்டியே ஊகித்தல், இடைமறித்தல் ஆகியவற்றிற் பயிற்சி அளித்து, அவர்கள் பறித்த பந்துகளைப் பதிவுசெய்து ஊக்குவித்தல்.

மாணவர்கள் பொதுவாக விடும் பிழைகள்:
• நடவடிக்கையை மட்டும் எழுதிக் காரணத்தை எழுதாமை. "விளக்குக" என்றால் காரணமும் வேண்டும்.
• பக்கத் தாக்குபவர் கோல் அடிப்பார் என எழுதுதல். அவர் வட்டத்தினுள்ளே செல்ல முடியாது.
• "நல்ல பயிற்சி கொடுத்தல்" எனப் பொதுவாக எழுதுதல். எந்தப் பயிற்சி, யாருக்கு, எதற்காக என எழுதுக.
• கூடைப்பந்தாட்ட விதியையும் வலைப்பந்தாட்ட விதியையும் கலந்து எழுதுதல். வலைப்பந்தாட்டத்தில் பந்தை நிலத்தில் தட்டிக்கொண்டு ஓட முடியாது.

நினைவிற் கொள்க:
வீராங்கனைகள் 7. கோல் அடிக்கக்கூடியவர் 2. ஆட்ட நேரம் 15 நிமிடம் கொண்ட 4 கால்பகுதிகள். பந்தை வைத்திருக்கக்கூடிய நேரம் 3 செக்கன். வளையத்தின் உயரம் 3.05 மீற்றர். தொடக்கம் மாறி மாறி.

செயற்பாடு: உங்கள் பாடசாலையில் நடைபெறும் அடுத்த ஆட்டத்திற்கு ஓர் அவதானிப்புத் தாளுடன் செல்லுங்கள். கோல் அடிக்காத ஐவரில் ஒருவரைத் தெரிவுசெய்து, ஆட்டம் முடியும்வரை பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். இறுதியில் நீங்கள் எண்ணிய தாளை அவரிடமே கொடுத்துவிடுங்கள். உங்கள் விடைக்கு வேண்டிய உதாரணம் உங்களுக்குக் கிடைத்துவிடும். அவருக்கும் அன்று ஒரு நல்ல செய்தி கிடைக்கலாம்.